டென்ஸ் மெஷின் வாங்கியும் வலி குறையலையா? தப்பு பெரும்பாலும் இங்கதான்

பிசியோகிட்ட போய்ட்டு வந்து "கரண்ட் வச்சு விட்டாங்க"ன்னு சொல்லுவோம்ல, அதுல ஒரு வகைதான் டென்ஸ் (TENS), தோல் மேல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுத்து வலிய மட்டுப்படுத்துறது. இப்ப அதையே பாக்கெட் சைஸ்ல ஆன்லைன்ல வாங்கி முட்டியிலயும் முதுகுலயும் ஒட்டிக்கிறாங்க, நாலு நாள் பாத்துட்டு "இது வேலைக்கு ஆகாது"ன்னு அலமாரிக்குள்ள தள்ளிடுறாங்க. எப்படி வச்சீங்கன்னு விசாரிச்சா பல பேர் விஷயத்துல மெஷின் மேல குத்தம் சொல்லவே முடியாது.

பெரிய தப்பு, கரண்ட பயந்து பயந்து கம்மியா வைக்கிறது. லேசா சுருசுருன்னா போதும்னு அங்கயே நிறுத்திடுறாங்க. அது பத்தாதுங்க. 1965ல மெல்ஸாக், வால்னு வலிய பத்தி ஆராய்ச்சி பண்ண ரெண்டு பேர் கேட் கண்ட்ரோல் தியரின்னு ஒண்ணு சொன்னாங்க, தொடு உணர்ச்சிய கொண்டு போற தடிச்ச நரம்புகள தூண்டி விட்டா தண்டுவடத்துலயே வலி சிக்னல் அமுங்கும்னு. இடிச்சுக்கிட்ட இடத்த கை தானா போய் தேய்க்குதே, அதே கணக்குதான். அந்த நரம்பு முழுசா வேலை செய்யணும்னா கரண்ட் நல்லா பலமா தெரியணும், ஆனா வலிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போங்க, இதுக்கு மேல வேணாம்னு தோணுறப்ப ஒரு படி இறக்கி வைங்க. கொஞ்ச நேரத்துல கரண்ட் குறைஞ்சுட்ட மாதிரி இருக்கும், மெஷின்ல ஒண்ணும் குறையல, உடம்பு பழகிடுச்சு, அப்ப இன்னும் ஒரு படி ஏத்தணும். இத பண்ணாம அரை மணி நேரம் வச்சவங்கதான் அதிகம்.

சரி, ஏத்தினா குத்துதேன்னு கேப்பீங்க. அங்கதான் பேட் விஷயம் வருது. காலைல தைலம் தேய்ச்ச முட்டி, வேர்வை, காஞ்சு போய் ஓரம் தூக்கிட்டு நிக்கிற பழைய பேட், இப்படி இருந்தா முழு பேட் வழியா பரவி போக வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கிற சின்ன இடத்துல மட்டும் மொத்தமா இறங்கும், ஊசி குத்துற மாதிரி சுருக்குன்னு இருக்கும், உடனே பயந்து குறைச்சுடுவாங்க. சோப்பு போட்டு கழுவி நல்லா தொடைச்சுட்டு ஒட்டுங்க. பசை காஞ்சிருந்தா ரெண்டு சொட்டு தண்ணி தடவிப் பாருங்க, அப்பவும் ஒட்டலன்னா புதுசு வாங்கிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம். மெஷின ஆஃப் பண்ணாம பேட்ட பிய்க்கிறதும் இதே மாதிரி சுருக்குன்னு அடிக்கும்.

ஒட்டுற இடம் இன்னொரு குழப்பம். ஒரு வயர்ல வர்ற ரெண்டு பேட்டுக்கு நடுவுலதான் கரண்ட் ஓடும், அதனால வலி அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். முதுகுன்னா முதுகெலும்பு மேல இல்ல, ரெண்டு பக்கமும் சதை மேல. ரெண்டு பேட்டும் தொட்டுக்க கூடாது, ஒரு இஞ்சாவது இடைவெளி விடுங்க.

மெஷின்ல ஹெர்ட்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், செகண்டுக்கு எத்தனை தடவ கரண்ட் துடிக்குதுங்கிறது அது. அது பெருசா இருந்தா பவர் ஜாஸ்தின்னு நினைக்கிறதும் தப்பு. 80லேருந்து 100 ஹெர்ட்ஸ்ங்கிறது வழக்கமான மோட், ஆன்ல இருக்கிறப்பவே வலி மட்டுப்படும். 2லேருந்து 4 ஹெர்ட்ஸ் வேற ரகம், சதை துடிக்கிற அளவு ஏத்தினாதான் பலன், உடம்பே சுரக்கிற எண்டார்ஃபின்ங்கிற வலி குறைக்கிற பொருள் வழியா வேலை செய்யும். தினமும் ஒரே செட்டிங்ல வச்சா உடம்பு பழகி பலன் கொறைஞ்சுடும், மெஷின்ல மாடுலேஷன் மோட் (செட்டிங் தானா மாறிட்டே இருக்கிறது) இருந்தா அத போடுங்க.

இனி சொல்றது விளையாட்டில்ல. பேஸ்மேக்கர் வச்சவங்க டாக்டர் சொல்லாம இத தொடவே கூடாது. கழுத்தோட முன்பக்கம், கண்ணு மேல, நெஞ்சுக்கு குறுக்க, புண்ணு மேல, ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கிற கால்ல, கர்ப்பிணிகளுக்கு வயித்துல, எங்கயும் ஒட்டாதீங்க. கேன்சர் கட்டி இருக்கிற இடத்துலயும் டாக்டர கேக்காம வேண்டாம். சுகர் இருக்கிறவங்க பாதம் எரியுதுன்னு அங்கயே ஒட்டுவாங்க, மரத்துப்போன தோலுக்கு கரண்ட் எவ்வளவு போகுதுன்னே தெரியாது, தோல் வெந்து போனாலும் உறைக்காது.

அப்புறம், "நரம்ப பலப்படுத்தும், தேய்மானத்த சரி பண்ணும்"னு விளம்பரம் வருதே, அதுல உண்மை இல்ல. 2022ல 381 ஆய்வுகள சேத்து அலசினதுல தெரிஞ்சது, மெஷின் ஓடுறப்பவும் நிறுத்தின உடனேயும் வலி குறையுதுங்கிறதுதான். ஆனா இங்கிலாந்துல எந்த வைத்தியம் குடுக்கலாம்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பு 2016லயே இடுப்பு வலிக்கு டென்ஸ் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கு. என்னைக் கேட்டா, வலி மட்டுப்படுற அந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் இது, ஆனா அந்த நேரத்த ஒட்டிக்கிட்டு டிவி முன்னாடி படுத்தே கழிச்சுடுறாங்க. மெஷின இடுப்புல சொருகிட்டு வயர் இடறாம நடங்க, பிசியோ சொல்லிக் குடுத்த முட்டி எக்ஸர்சைஸ அப்பவே பண்ணுங்க, உக்காந்து எந்திரிங்க. வண்டி ஓட்டுறப்பவும் தூங்குறப்பவும் மட்டும் கழட்டி வச்சுடுங்க.