ரொமாரியோவின் ஆயிரம் கோல்களைச் சரிபார்ப்பது எப்படி?

2007 மே 20 அன்று ரியோ டி ஜெனீரோவில், ஸ்போர்ட் ரெசிஃபே அணிக்கு எதிராக வாஸ்கோ ட காமா அணிக்காகப் பெனால்டி ஒன்றை வலைக்குள் அனுப்பிய 41 வயது பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ, அதைத் தம் ஆயிரமாவது கோல் என்று கொண்டாடினார். இளையோர் அணிகளிலும் நட்பு ஆட்டங்களிலும் அடித்தவற்றையும் சேர்த்துத்தான் அவர் அந்த எண்ணை எட்டினார். எனவே அவருடைய ஆட்டவாழ்வை எடைபோட விரும்புபவர், மொத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, கோல்களை வகைவகையாகப் பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் தேசிய அணியையும் லீக் ஆட்டங்களையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறியுங்கள். பிரேசிலுக்காக 70 ஆட்டங்களில் 55 கோல்கள். 1993-94 பருவத்தில் பார்சிலோனாவுக்காக ஸ்பெயின் லீக்கில் 33 ஆட்டங்களில் 30 கோல்கள். இவற்றை யாராலும் குறைசொல்ல இயலாது.

பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். பிரேசிலில் தேசிய லீக்குக்கு அப்பால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சாம்பியன்ஷிப் உண்டு. அதில் ஃபிளமெங்கோ, வாஸ்கோ போன்ற பெரும் அணிகள் ஒன்றோடொன்று மோதுவதும் நடக்கும், சிறிய அணிகள் அவற்றிடம் சிக்கித் திணறுவதும் நடக்கும். அதிகாரப்பூர்வமான போட்டி என்பதால் அந்தக் கோல்களைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஐரோப்பிய லீக் கோல்களோடு ஒரே பத்தியில் கலக்கவும் கூடாது. முதுமையில் அவர் எளிய அணிகளை மட்டுமே வாட்டினார் என்று முடிவுகட்டுவதற்கு முன், 39 வயதில், 2005ஆம் ஆண்டின் பிரேசில் தேசிய லீக்கில் 22 கோல்களுடன் அவரே முதலிடம் பிடித்ததையும் பாருங்கள்.

பெலேவுடன் ஒப்பிடுவதாக இருந்தால் அளவுகோல் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 1969 நவம்பர் 19 அன்று மரக்கானாவில் பெலே அடித்த ஆயிரமாவது கோலும் பெனால்டிதான், அதுவும் வாஸ்கோவுக்கு எதிராக. அவருடைய பட்டியலிலும் நட்பு ஆட்டங்கள் ஏராளம். ஒருவருக்கு மட்டும் அவற்றைக் கழிப்பது நேர்மையன்று.

கணக்கு முடிந்ததும் ஒளிப்பதிவுகளைப் பார்க்கத் தவறாதீர்கள். 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை பார்சிலோனா 5-0 என வென்ற ஆட்டத்தில், கோலுக்கு முதுகு காட்டி நின்ற ரொமாரியோ, வந்த பந்தை வலது காலோடு ஒட்டவைத்து இழுத்தபடியே உடலைச் சுழற்றி, மாட்ரிட்டின் தடுப்பாட்டக்காரர் அல்கோர்த்தாவை ஒரே திருப்பத்தில் பின்னால் விட்டுவிட்டு, கோல்கீப்பரைத் தாண்டி அடித்தார்.