உப்பு பூத்த கிட்டங்கிச் சுவரைப் பழுதுபார்ப்பது

கட்டடத்தில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள். தொண்டிப் பக்கத்துச் சுங்கச்சாவடியோ, மதுரை மாசி வீதிக் கிட்டங்கியோ (சரக்குக் கிடங்கு), இன்று ஜவுளிக்கடையாக மாறியிருக்கலாம். அன்று உப்பு மூட்டையும் கருவாடும் அடுக்கிய இடத்தில் செங்கல் இன்னும் உப்பைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெரும்பாலும் சேதம் சிமெண்டிலிருந்தே தொடங்குகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டுப் பூச்சு வழியாக வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சின் பின்னால் படிகமாகி, செங்கல் முகத்தையே உதிர்த்துவிடும். எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால், பின்னாளில் நீதிமன்றமாகவும் இருந்தது. அதன் செங்கல்லுக்குத் துணை சிமெண்டு அல்ல, சுண்ணாம்புதான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: உடைந்த தூம்பா, சுவரோரம் உயர்ந்துவிட்ட வெளித்தரையா? அதைச் சரிசெய்யாமல் பூசுவது காசைக் கரியாக்குவது. பிறகு சுவரில் ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, இணைப்புகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அதிகம் பூக்கும் இடத்தில் களிமண்ணும் மணலும் குழைத்து முக்கால் அங்குலம் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் பெயர்த்தெடுங்கள். பூ குறையும்வரை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கலவை, அளவில்: நீற்றிச் சலித்த சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, ஆற்றுமணல் 2. கடல்மணல் கூடவே கூடாது. நீற்றும்போது, அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கொதித்துப் பொடிய விடும்போது, தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள். அது தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் கிட்டே போகாதீர்கள். சலிக்காமல் விட்ட நீறாத கட்டி மாதக்கணக்கில் கழித்துச் சுவரில் வெடித்துத் தெறிக்கும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிப் புளித்த நீரைப் பழைய கொத்தனார்கள் சேர்ப்பார்கள். காரை நன்றாக ஒட்டும்.

சுவரை நனைத்துவிட்டு முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கெட்டிப்பட்ட பிறகு மேல்பூச்சு, எட்டில் ஒரு அங்குலம். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்கவும். அக்கினி நட்சத்திர வெயிலில் பூசினால் வலைவலையாக விரிசல் விடும். தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் பின் மறுபடி கொஞ்சம் பூ வந்தால் பதற வேண்டாம். பிரஷால் தட்டிவிட்டால் போதும்.