நீட் உயிரியல்: தெரிந்தும் நழுவுகிற மதிப்பெண்கள்

நெல்லைச் சீமையில் நீட் எழுதும் பிள்ளைகளில் பலர் உயிரியலைத்தான் மலையாக நம்புகிறார்கள். 720 மதிப்பெண்ணில் 360 அதற்கே என்பதால் அது நியாயமான நம்பிக்கைதான். ஆனால் மாதிரித் தேர்வு முடிந்து விடைகளை ஒவ்வொன்றாகப் பேசும்போது, தெரியாமல் இழந்ததைவிடத் தெரிந்தும் இழந்ததே அதிகமாகக் கண்ணில் படுகிறது.

வினாவைப் படிப்பதிலேயே முதல் சறுக்கல். ஆங்கிலத்தில் 'நாட்' என்ற தனிச்சொல் நின்று எச்சரிக்கும். தமிழில் எதிர்மறை சொல்லுக்குள்ளேயே பதுங்கிக்கொள்கிறது: பொருந்துவது, பொருந்தாதது. அவசரக் கண் சொல்லின் தலையைப் பார்த்துவிட்டு வாலை விட்டுவிடுகிறது. கிடைக்க வேண்டிய 4 போவதோடு தவறுக்கு 1 கழியும்; ஆக 5. வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்ட பிறகே விடைகளுக்குப் போங்கள். தமிழ் வாக்கியம் குழப்பினால் பக்கத்திலுள்ள ஆங்கில வடிவத்தையும் பாருங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலக் கலைச்சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது குரோமோசோம் கணக்கு. அம்பாசமுத்திரம் வயல்களைப் பார்த்தபடி பஸ்ஸில் வருகிறவர்கள் நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். வேர்நுனிச் செல்லில் 24 குரோமோசோம்கள். மகரந்தத் துகளின் உட்கருவில் பாதி, 12. விதைக்குள் கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவில் எத்தனை என்றால் பாதிப்பேர் யோசிக்காமல் 24 என்கிறார்கள். இரண்டு துருவ உட்கருக்களோடு ஓர் ஆண் உட்கரு இணைவதால் அது மும்மடியம், 36. தட்டில் விழும் சோறு பெரும்பாலும் அந்தத் திசுதான். கரு, அரிசியைத் தீட்டும்போதே தவிட்டோடு போய்விடுகிறது. இளநீரும் தேங்காய்ப் பருப்பும்கூடக் கருவூண் திசுவே. முன்னதில் உட்கருக்கள் செல்சுவரின்றி மிதக்கின்றன, பின்னதில் செல்கள் உருவாகிவிட்டன.

இதே நெல்லில் இன்னொரு பொறி: செல் பிரிவதற்கு முந்தைய எஸ் நிலையில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது, குரோமோசோம்கள் 24 ஆகவே இருக்கின்றன. 48 ஆக உயர்பவை குரோமாட்டிடுகள், அதாவது ஒவ்வொரு குரோமோசோமின் இரட்டை இழைகள். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மயோசிஸ் பிரிதலின் முதல் அனாஃபேஸ் கட்டத்தில், அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்ட்ரோமியர் பிளப்பதில்லை, ஒத்த குரோமோசோம்கள்தாம் விலகுகின்றன. இதை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு நிற நூலை மேசையில் வைத்து ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.

தமனி என்றால் தூய ரத்தம் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே தொடரும் பிழை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, அவ்வளவே. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது; இவ்விரண்டும் இடம் மாறிவிடக் கூடாது.

உயிரினப் பாதுகாப்புப் பாடத்தைக் கதை என்று பலர் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் வாழிடத்திலேயே பாதுகாப்பது என்பதில் யாரும் தவறுவதில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் வந்தால் தடுமாற்றம். வரித்தலை வாத்து குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளி என்பதால் 'வாழிடத்துக்கு வெளியே' என்று குறித்துவிடுகிறார்கள். அது வந்து தங்கும் குளமும் அதன் வாழிடம்தான். வெளியே என்பது விலங்குக் காட்சிசாலை, தாவரவியல் பூங்கா, விதை வங்கி போன்றவை.