மலை ஏறும்போது டிரான்ஸ் (ஒரு வகை எலக்ட்ரானிக் நடன இசை) மிக்ஸ் கேட்பவர்களுக்கு
மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் முன்பே ஆல்பத்தை டவுன்லோட் செய்துவிடுங்கள், குன்னூர் மலைப்பாதையில் சிக்னலை நம்ப முடியாது. அப்புறம் ஷஃபிளை அணையுங்கள்; டச்சு டிஜே ஆர்மின் வான் பியூரனின் 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' ஆண்டுத் தொகுப்புகள் மாதிரி டிஜே மிக்ஸ் செய்தவற்றில் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததின் பீட் கலந்து வரும், வரிசையைக் கலைத்தால் போச்சு. எம்பி3 கோப்பின் இரு முனையிலும் துளி மௌனம் சேர்ந்துவிடுவதால் பாட்டு மாறும் இடத்தில் வெட்டு விழலாம். ஆப்பில் கேப்லெஸ் (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள், கிராஸ்ஃபேடு (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு ஆப்பே கலப்பது) மட்டும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே கலந்ததை அது மறுபடி கலக்கிக் கெடுக்கும். சில ஆல்பங்களில் 'கன்டினியூவஸ் மிக்ஸ்' என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே டிராக் கடைசியில் இருக்கும். அது கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் சத்தத்தைக் குறையுங்கள், எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கணும்.