‘ரூ காஸ் நேக்ர்’ படத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் படம் போடப் போகிறீர்கள் என்றால் இயக்குநர் யூசான் பால்சியின் இந்தப் படத்தைப் போடுங்கள். 1983இல் வந்தது, அவருடைய முதல் முழுநீளப் படம், ஓட்டம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். 1930களில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த, கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவு, கரும்புத் தோட்டம், அங்கே ஜோசே என்ற பெடியனும் அவனை வளர்க்கும் அம்மம்மாவும். படப்பெயரை யாராவது கேட்டால் அகராதி எடுக்க வேண்டாம், ‘லயம்’, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், என்று சொல்லுங்கள். மலையகத்து லயங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைக்கு அதுவே போதும். கங்காணியும் இருக்கிறார்.

திரைக்கு வேட்டி கட்டாதீர்கள். நாங்கள் கட்டிப் பார்த்தோம், பாதி வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெள்ளையடித்த சுவர்தான் நல்லது. படம் பழைய போட்டோ மாதிரி மங்கிய பழுப்பு நிறம், கிழவர் மெதூஸ் கதை சொல்லும் இடமெல்லாம் இரவில் நெருப்பு வெளிச்சத்தில், அதனால் பின்னேரம் ஆறு மணிக்கே அவசரப்பட்டுத் தொடங்கினால் ஒன்றும் தெரியாது. ஏழு மணியாவது ஆகட்டும்.

பேச்சு பிரெஞ்சும், தீவு மக்களின் மொழியான கிரியோலும். பிள்ளைகள் அடியில் வரும் ஆங்கில எழுத்தை வாசித்து முடிக்கும் முன் அது ஓடிவிடும், எனவே ஒருவர் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். அவர் முதலே இரண்டு தரம் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், வாயைக் குறைக்கவும் தெரிய வேண்டும். தொடங்கும் முன் ஒன்றைப் பழக்குங்கள்: மெதூஸ் “ஏ க்ரிக்!” என்றால் ஜோசே “ஏ க்ராக்!” என்பான், கதை அப்படித்தான் தொடங்கும். எங்கள் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நிறுத்துவதானால் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அடிமைமுறை ஒழிந்ததும் தன் தகப்பன் தீவெல்லாம் ஓடித்திரிந்து களைத்து, கடைசியில் பழைய குடிசைக்கே திரும்பி வந்ததை மெதூஸ் சொல்லுவார். அது 1848. விடுதலை வந்தது, காணி வெள்ளைக்காரரிடமே இருந்தது. இதை மட்டும் சொல்லிவிட்டு ஓட விடுங்கள்.

இனித்தான் சிக்கல். ஜோசே சோதனையில் பாஸ் பண்ணுவான், கிடைப்பது கால்வாசி உதவிப்பணம், மிச்சத்துக்காக அம்மம்மா நகரத்துக்குப் போய் ஊரார் உடுப்புத் தோய்த்து மினுக்குவார். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் என்ற சொல்லிலேயே வேர்க்கிற ஊர் எங்களுடையது, தாய்மாரெல்லாம் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். போன தரம் ஒரு ஐயா எழும்பி, “பாத்தியளே, படிச்சா முன்னேறலாம்” என்று பத்து நிமிஷம் பேசினார். படம் அங்கேயே டியூஷன் வகுப்பாகிப் போயிற்று. ஆனால் அந்தப் படம் சொல்வது அவ்வளவு லேசான கணக்கில்லை. ஜோசேயோடு படிக்கும் கெட்டிக்காரி தொர்த்தியாவைத் தகப்பன் மேலே படிக்க விடவில்லை. அவனுடைய கூட்டாளி லெயோபோல்டின் தகப்பன் வெள்ளை முதலாளி, அவர் சாகக் கிடக்கும்போதும் மகனுக்குத் தன் பெயரைக் கொடுக்கவில்லை. ஜோசே நன்றாக எழுதினான் என்பதற்காகவே, பார்த்து எழுதினான் என்று ஆசிரியர் பழி போடுகிறார். ஆகவே பேச ஆள் வைக்காதீர்கள், கேள்வி வையுங்கள். “தொர்த்தியா இப்ப எங்க இருப்பா?” என்று நான் கேட்டேன். ஒரு சின்னப்பிள்ளை “கரும்புக்குள்ள” என்றாள், பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

அம்மம்மாவாக நடித்த டார்லிங் லெஜிதிமஸுக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது, அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். படத்தின் கடைசியில் அம்மம்மா இறந்து கிடக்க, ஜோசே அவர் காலைக் கழுவுவான். அந்த நேரம் யாரும் லைட்டைப் போடாமல் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். கச்சானும் தேத்தண்ணியும் எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு.