அயர்லாந்துக் கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழித்திட்டம்

அயர்லாந்தில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு இடிந்த கோபுரமாவது கண்ணில் படும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் மூன்றாம் நாளே எல்லாக் கற்சுவரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று கோட்டைகள், ஒரு கல்லறை மேடு, ஒரு தேவாலயக் குன்று, அப்புறம் மேற்குக் கடற்கரை போதும். ஒவ்வொரு இடத்திலும் நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கட்டும்.

படி 1: விசா

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் கூட்டில் அயர்லாந்து இல்லை. கையில் பிரான்ஸ் விசா இருந்தாலும் இங்கே அது செல்லாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரிட்டனையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தைப் பற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தின் குறிப்பு விசாவில் இருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாடுகளுக்கும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், சில இடங்கள் குளிர்காலத்தில் மூடியும் இருக்கும். மழை எந்த மாதமும் வரும். காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரக் கல்லில் வழுக்காத ஷூவும் அவசியம்.

படி 3: நுழைவுச் சீட்டு

அரசின் பொதுப்பணி அலுவலகம் பராமரிக்கும் இடங்களுக்கெல்லாம் சேர்த்து 'ஹெரிடேஜ் கார்டு' என்று ஓராண்டு அட்டை ஒன்று உண்டு. ட்ரிம், கில்கென்னி, கஹிர் கோட்டைகள், கேஷல் தேவாலயக் குன்று, நியூகிரேஞ்ச் கல்லறை மேடு எல்லாம் அதில் அடங்கும். பிளார்னி, பன்ராட்டி கோட்டைகளும் மோஹர் செங்குத்துப் பாறைகளும் அடங்காது. நாலைந்து இடங்களாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், தனித்தனிச் சீட்டு விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு அட்டையை வாங்குங்கள். அட்டை இருந்தாலும் நியூகிரேஞ்சுக்கு முன்பதிவு வேண்டும், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படி 4: கார்

வண்டி இடது பக்கம்தான் ஓடும், அதனால் நம் கைக்குப் பழக்கம்தான். ஆனால் கிராமத்துச் சாலைகள் மிகக் குறுகல், இரண்டு பக்கமும் கல்வேலி. சின்ன கார் எடுங்கள். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கம் உண்டு, ஆனால் சாவடியே கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், மறுநாள் இரவு 8 மணிக்குள் பணம் கட்ட வேண்டும். வாடகை நிறுவனம் கட்டுமா நீங்கள் கட்ட வேண்டுமா என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கார் ஓட்டாதவர்கள் டப்ளினிலிருந்து கில்கென்னிக்கு ரயிலில் போய்வரலாம், கிளெண்டலாக் மடாலயப் பள்ளத்தாக்குக்குப் பேருந்து உண்டு.

படி 5: பழங்கால வழி

டப்ளினுக்கு வடக்கே நியூகிரேஞ்சிலிருந்து தொடங்குங்கள். சுமார் கி.மு. 3200-ல் கட்டியது, கீசா பிரமிடுகளுக்கும் முந்தையது. நேரே காரில் போய் இறங்க முடியாது. பார்வையாளர் மையத்தில் வண்டியை விட்டுவிட்டு அவர்களுடைய பேருந்தில்தான் போக வேண்டும். ஆண்டின் மிகக் குறுகிய பகலான குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாட்களில் உதயசூரியனின் ஒளி, வாசலுக்கு மேலுள்ள ஒரு திறப்பு வழியாக 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து உள்ளறைவரை போகும். மற்ற நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு அதை மின்னொளியால் காட்டுவார்கள். உலோகக் கருவியே இல்லாத மக்கள் இவ்வளவு துல்லியமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்த இருட்டில் நிற்கும்போதுதான் முழுதாக உறைக்கும்.

அதே நாளில் ட்ரிம். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன் பிரபு ஹியூ டி லேசி தொடங்கிய கோட்டை, அயர்லாந்தின் நார்மன் கோட்டைகளில் இதுதான் மிகப் பெரியது. நடுக் கோபுரம் சிலுவை வடிவத்தில் 20 மூலைகளோடு நிற்கிறது. மூலை கூடக்கூட எதிரி ஒளிந்துகொள்ளும் மறைவிடமும் கூடும் என்பதால் இப்படி யாரும் பிறகு அதிகம் கட்டவில்லை. வழிகாட்டியோடுதான் கோபுரத்துக்குள் விடுவார்கள்.

அடுத்து தெற்கே கில்கென்னி. 1391-லிருந்து பட்லர் குடும்பத்தின் வீடு, 1967-ல் வெறும் 50 பவுண்டுக்கு ஊர்மக்களிடம் ஒப்படைத்தார்கள். இது கோட்டை என்பதைவிட அரண்மனை, வரவேற்பறைகளைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.

கேஷல் குன்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதி மன்னர்களின் இருப்பிடமாக இருந்த இந்தக் குன்றை 1101-ல் திருச்சபைக்குக் கொடுத்துவிட்டார்கள். 1134-ல் அர்ப்பணித்த கோர்மாக் சிற்றாலயத்தில் மங்கிய சுவரோவியங்கள் மிச்சமிருக்கின்றன. மணற்கல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சின்னக் குழுக்களாகத்தான் உள்ளே அனுப்புவார்கள். போய் இறங்கியதும் முதல் வேலையாகச் சிற்றாலயத்துக்குள் போகும் நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேஷலிலிருந்து கஹிர் இருபது நிமிடப் பயணம். கோட்டையைப் படிக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஷூர் ஆற்றின் நடுவே ஒரு பாறைமேல் நிற்கிறது. முதலில் வெளியே சுற்றி வாருங்கள்: ஆறே அகழி. பிறகு வாசலில் நிமிர்ந்து பாருங்கள்: மேலிருந்து இறங்கும் கம்பிக் கதவு. சுவரிலுள்ள அம்பு எய்யும் இடுக்குகள் வெளியே குறுகியும் உள்ளே அகன்றும் இருக்கும், வில்லாளி உள்ளிருந்தபடி பக்கவாட்டில் குறிபார்க்க அது வேண்டும். 1599-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பிரபுவின் பீரங்கிகள் சுட்ட குண்டு ஒன்று இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது. 1650-ல் இங்கிலாந்துப் படைத்தலைவர் குரோம்வெல் வந்தபோது சண்டையில்லாமல் சரணடைந்தார்கள், அதனால்தான் இன்றும் இவ்வளவு முழுசாக இருக்கிறது.

படி 6: மேற்குக் கடற்கரை

கில்லார்னியில் இரண்டு இரவு தங்குங்கள். ஏரிக்கரையில் ராஸ் கோட்டை, சுற்றிலும் தேசியப் பூங்கா. ரிங் ஆஃப் கெர்ரி சாலை 179 கிலோமீட்டர், சுற்றுலாப் பேருந்துகள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் போகும். குறுகிய வளைவில் அவற்றை எதிரே சந்திக்காமல் இருக்க நீங்களும் அதே திசையில் போங்கள்.

ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுக்குப் படகு கோடையில் மட்டும், அதுவும் கடல் அமைதியாக இருந்தால்தான். உச்சி மடத்துக்கு 618 கற்படிகள், கைப்பிடி கிடையாது. உயரம் என்றால் பயப்படுபவர்கள் விட்டுவிடலாம்.

வடக்கே போகும்போது டார்பர்ட்டில் காரோடு படகேறினால் ஷானன் ஆற்றைச் சுமார் 20 நிமிடத்தில் கடந்துவிடலாம், லிமரிக் நகரம் வழியாகச் சுற்ற வேண்டாம். மோஹர் பாறைகள் 214 மீட்டர்வரை உயர்கின்றன. காலையில் முதல் ஆளாகவோ மாலையிலோ போங்கள், மூடி வைத்த விளிம்புப் பாதைகளுக்குள் போகாதீர்கள். அப்படியே பரன் பகுதியின் சுண்ணாம்புப் பாறைவெளி வழியாகத் திரும்புங்கள். மே மாதம் பாறை இடுக்குகளில் துருவக் குளிரின் பூவும் மத்தியதரைக் கடல் பகுதியின் பூவும் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருக்கும்.

வடக்கு அயர்லாந்தின் டன்லூஸ் கோட்டைக்கும் போக ஆசை இருந்தால், அது பிரிட்டன். எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் அங்கே செல்லுபடியாகும் விசா கட்டாயம். பணம் பவுண்டு, வேகப் பலகைகள் மைலில். எல்லை தாண்ட வாடகை கார் நிறுவனத்தின் அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.