பிரசவத்துக்குப் பின் வரும் தொற்று: சொல்லித் தருவதில் நாம் செய்யும் தவறுகள்

பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே, முதல் பத்து நாட்களுக்குள் தலைகாட்டுகிறது. அப்போது பக்கத்தில் செவிலியர் இருக்கமாட்டார். அம்மாவோ மாமியாரோதான் இருப்பார்கள். அப்படியிருக்க, கர்ப்பிணியை மட்டும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவதுதான் சுகாதாரப் பணியாளர்களாகிய நாம் செய்யும் முதல் தவறு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். மாதப் பரிசோதனைக்குத் துணையாக வருபவர் மாமியார். பிள்ளை பெற்றபின் பார்த்துக்கொள்பவர் அம்மா. "பிரசவம் முடிந்து எங்கே இருப்பீர்கள், யார் கூட இருப்பார்கள்?" என்று ஏழாம் மாதத்திலேயே கேளுங்கள். அந்த அம்மாவை ஒருமுறையாவது வரவழையுங்கள். வலியும் தூக்கமின்மையுமாக இருப்பவளிடம் டிஸ்சார்ஜ் நாளில் ஒப்பித்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

"சுத்தமாக இருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அடுத்த தவறு. எது சுத்தம் என்று சொல்ல வேண்டாமா? நாப்கின் நனையாவிட்டாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். வியன்னா மருத்துவமனையில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததுமே பிரசவக் காய்ச்சல் மரணங்கள் சரிந்தன. கை கழுவுவதற்கு அவ்வளவு பலன் உண்டு.

துணி பயன்படுத்தும் வீட்டில் நாப்கினைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. கொல்லைப்புறக் கொடியில், பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணி மாலையிலும் ஈரம் போகாமல் இருக்கும். அதையே மடித்து வைத்துக் கட்டிக்கொள்வார்கள். துணி நேரடி வெயிலில் மொடமொடவென்று காய வேண்டும் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது காய்ச்சல்தான். "பால் கட்டியிருக்கிறது, காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்று பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். சூடு இறங்கும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ போனால் காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பிலிருந்து துர்நாற்றத்துடன் வரும் போக்கு, அடிவயிற்று வலி, குளிர் நடுக்கம், தையலில் சீழ் இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இயல்பு எது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில நாள் சிவப்பு, பிறகு பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அப்புறம் மஞ்சள் கலந்த வெண்மை என்று போக்கு மாறி, சில வாரங்களில் நின்றுவிடும். இதைத் தெரிந்தவளுக்கே மாற்றம் பிடிபடும்.

பத்தியத்தை ஒட்டுமொத்தமாகக் கண்டித்தால் பாட்டி நம் பேச்சையே கேட்கமாட்டார். பூண்டுக் குழம்பும் கருவாடும் இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் சிறுநீர்த் தொற்றுக்கு இடமாகும். தையலில் மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது. இந்த இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுதாக முடிக்க வேண்டும்.

கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "ராத்திரி பதினொரு மணிக்கு உடம்பு கொதிக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று அம்மாவிடம் கேளுங்கள். "கஷாயம் கொடுத்துக் காலையில் பார்ப்போம்" என்று பதில் வந்தால், அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.